நெரெய்தா பிஞாங்கோவின் வாழ்த்து

எங்கள் ஊரில் ஒரு பெண்ணின் பெயரை இருபது வருடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் எழுதிவிடுகிறேன்: நெரெய்தா பிஞாங்கோ. இப்போதும் எழுதும்போதே, பழைய பழக்கத்தில், என் இடது கை தானாகப் போய் மேசையின் மரத்தைத் தொடுகிறது. சான் ஒனோஃப்ரேயில் பிறந்தவர்களின் கை அப்படித்தான். பீடை பிடித்த ஆளின் பெயரைச் சொன்னால், அந்தப் பீடை சொன்னவரின் நாக்கில் ஏறிக்கொள்ளும். தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் உடனே மரத்தைத் தொட்டு "கீயோ" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் மரம் இல்லாவிட்டால் சொந்தத் தலையைத் தட்டிக்கொள்ளலாம், அதுவும் மரம்தானே என்பார்கள்.

அதனால் அப்போது அவர் எங்களுக்கு "மூலைவீட்டம்மா". பேஸ்பால் மைதானத்தின் வலது சுவரை ஒட்டியது அவர் வீடு. அந்தச் சுவருக்கு உள்பக்கம் ரசிகர்கள் உட்காரும் மரப்படிகள். கடைசிப் படியில் ஏறி நின்றால் அவர் வீட்டு மொட்டைமாடி கூப்பிடு தூரத்தில் இருக்கும். அந்த இருபது வருடமும் ஆட்டம் நடக்கும்போது அந்த மாடியில் யாரும் நின்றதில்லை. மைதான வாசலிலும் அவரை விட்டதில்லை.

அதற்கு முன்னால் அவர் ஊரிலேயே பெரிய தையல்காரர். எங்கள் அணியான கடாக்களின் சட்டை முழுக்க அவர் தைத்ததுதான். முதுகில் எண், நெஞ்சில் கொம்பு. "நெரெய்தா தைச்ச சட்டைல தையல் பிரியாது, உள்ள இருக்கிறவன்தான் பிரிவான்" என்று கேலி செய்வார்களாம். அவருடைய நெருங்கிய தோழி மைகுவாலிதா. மைகுவாலிதாவின் கணவர் கிரிசாந்தோ யேப்பெஸ், ஆணி, குழாய், பூட்டு விற்கும் கடைக்காரர். ஆனால் ஊருக்கு அவர் வேறு ஆள். ரசிகர் கூட்டத்தின் தலைவர், பெரிய முரசு அவருடையது. அவர் அடித்தால்தான் மற்றவர்கள் அடிப்பார்கள்.

அவர்களுக்கு மகன் பிறந்தபோது ஞானத்தாயாக நெரெய்தாவைக் கேட்டார்கள். எங்கள் பக்கம் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல். நெரெய்தாவுக்குக் குழந்தை இல்லை. ஞானஸ்நானத்துக்கான வெள்ளை உடையை, கழுத்தில் சரிகை வைத்து, அவரே தைத்தார்.

ஞானஸ்நானத்துக்கு முந்தைய ஞாயிறு இறுதி ஆட்டம். கிரிசாந்தோவின் தம்பி எவுதோரோ பந்து வீசினார். ஏழு சுற்று முடிந்தும் எதிரணியில் ஒருவருக்கும் ஒரு ஹிட் கிடைக்கவில்லை, அதாவது அவர் பந்தை அடித்துவிட்டு யாரும் பத்திரமாக ஓடிச் சேரவில்லை. ஒன்பது சுற்றும் அப்படியே முடிந்தால் அது ஒரு பந்துவீச்சாளரின் வாழ்நாள் சாதனை. ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும், ஊருக்கே தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த பந்தே போய்விடும்.

மைகுவாலிதா எம்பனாதா பலகாரம் வாங்கப் போயிருந்தார். குழந்தை நெரெய்தாவின் மடியில் தூங்கியது. பக்கத்தில் கிரிசாந்தோ, காலையிலிருந்து கொக்குய் சாராயம் குடித்த வாயோடு. அவர் குழந்தைக்கு மேலே குனிந்து, நெரெய்தாவின் காதில் கிசுகிசுத்தார்.

"நெரெய்தா, பாத்தியா? இன்னும் ஒரு ஹிட் கூட இல்ல. என் தம்பி ஒரு ஹிட் கூட குடுக்கல."

நெரெய்தா பதறி அவர் வாயைப் பொத்தினார். அதற்குள் மைதானத்தில் மட்டையின் சத்தம். பந்து இடது மூலையில் போய் விழுந்தது. முன்வரிசை முழுக்கத் திரும்பியது. அவர்கள் கேட்டது கிசுகிசுப்பை. கிசுகிசுப்புக்கு ஆண் குரல், பெண் குரல் கிடையாது.

"யாருடா அது? எவன் வாயத் தொறந்தது?"

கிரிசாந்தோவின் முகம் வெளுத்தது. ரசிகர் தலைவர், பந்து வீசுகிறவரின் அண்ணன். அவர் விரல் மெல்ல எழுந்தது.

"இவதான். குழந்தைய மடில வெச்சுக்கிட்டு இவதான் சொன்னா."

"நானா? கிரிசாந்தோ, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவர் பார்க்கவில்லை. முரசை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். முரசுச் சத்தத்தில் ஒரு பெண்ணின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும்? கடாக்கள் அன்று தோற்றார்கள்.

மறுநாள் காலை நெரெய்தா தைத்த சட்டைகளை மூட்டை கட்டிச் சுவருக்கு மேலாக அவர் முற்றத்தில் எறிந்தார்கள். அடுத்த ஞாயிறு அந்த வெள்ளை உடையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் கோயிலுக்குப் போனார். வாசலில் கிரிசாந்தோ நின்றிருந்தார்.

"வேற ஆளப் பாத்துட்டோம்" என்றார், நெரெய்தாவின் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி.

"உடை?"

"அதுவும் வேற வாங்கிட்டோம்."

மைகுவாலிதா உள்ளே அழுதார் என்று சொல்கிறார்கள். வாயைத் திறக்கவில்லை. குழந்தைக்கு யோல்மன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பெயர் கிடைத்த அதே காலையில் இன்னொரு பெயர் போனது. அன்றிலிருந்து ஊரில் யாரும் நெரெய்தா என்று கூப்பிடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: அதை எடுத்தவன் வாயாலேயே, எடுத்த இடத்திலேயே, தன் பெயர் திரும்பி வர வேண்டும்.

தையல் வேலை நின்றது. கல்யாண உடை, பள்ளிச் சீருடை, திரைச்சீலை எதுவும் வரவில்லை. சவப்பெட்டிக் கடைக்காரர் மட்டும் வந்தார். பெட்டிக்குள் விரிக்கும் பட்டுத்துணி தைக்க ஆள் வேண்டும். "எங்கிட்ட வர்ற ஆளுங்க சகுனம் பாக்கறதில்லம்மா" என்றாராம். எங்கள் ஊரில் இருபது வருடமாக இறந்த எல்லோரும் நெரெய்தாவின் தையலில்தான் படுத்திருக்கிறார்கள். அவரை விரட்டிய முன்வரிசையிலும் பலர் அப்படிப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கு மடிப்பை இன்னும் இறுக்கமாகத் தைத்ததாக அவரே ஒருமுறை சொன்னார்.

ஆனால் நெரெய்தா மூலையில் சுருண்டு அழும் ஆள் இல்லை. அவர் கையில் என்ன கொடுத்துவிட்டார்கள் என்பதை ஊர் உணர்வதற்கு முன்பே அவர் புரிந்துகொண்டார். இறைச்சிக் கடைக்காரர் ஒருமுறை அழுகிய ஆட்டுக் கறியை அவர் தலையில் கட்டினார். நெரெய்தா சண்டை போடவில்லை. மறுநாள் காலை கடை வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "என்ன அருமையான கடை! நல்லா ஓடணும், நூறு வருஷம் ஓடணும்" என்றார். அன்று ஒரு எலும்புகூட விற்கவில்லை. கடைக்காரர் சாயங்காலம் ஒரு முழுத் தொடையை எடுத்துக்கொண்டு வந்து, "அம்மா, இனிமே எங்கள வாழ்த்தாதீங்க" என்று கும்பிட்டார்.

வெளியூர் ஆட்டத்துக்குக் கடாக்களின் பேருந்து புறப்படும் காலையில், அவர் தெருமுனையில் நிற்பார். கையை உயர்த்தி, "ஜெயிச்சுட்டு வாங்க கண்ணுங்களா!" என்பார். உள்ளே மொத்தப் பேரும் தலையைத் தட்டிக்கொள்வார்கள். ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்து, கோயிலைச் சுற்றி, வேறு தெரு வழியாகப் போவார். வேறு தெருமுனையிலும் சில நாள் அவர் நிற்பார். மற்றவர்கள் சாபம் விட்டுச் சாதிப்பதை அவர் வாழ்த்தியே சாதித்தார்.

போன பருவத்தின் இறுதி ஆட்டம் எங்கள் ஊரில். எதிரணி மலைக்கு அந்தப் பக்கத்து எல் கார்தோன். எங்களுக்குப் பந்து வீசியது யோல்மன், நெரெய்தாவின் மடியில் தூங்கிய அதே குழந்தை. கிரிசாந்தோ இப்போதும் ரசிகர் தலைவர்தான். முரசோடு, கூட்டத்தை அடக்க ஓர் ஒலிபெருக்கிக் குழாயும் கையில் வந்திருந்தது.

நான்காவது சுற்றில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை. யோல்மன் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அதன் பிறகு மைதானம் ஒரு சிலைக் கூடம் மாதிரி ஆனது. யார் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே இருக்க வேண்டும். கடலை விற்கிற கிழவர் தட்டைத் தலையில் வைத்துப் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார், நகர விடவில்லை. ஃபுல்ஹென்சியோ என்ற லாரிக்காரர் அந்த நேரத்தில் கழிப்பறையில் இருந்தார்.

"டேய், கதவத் தொறங்கடா! நாத்தம் தாங்கல!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"இருடா கொஞ்சம்! நீ உள்ள போனதுலேருந்துதான் எல்லாம் நல்லா நடக்குது!"

"எது நல்லா நடக்குது?"

"அதெல்லாம் சொல்ல முடியாது. உக்காரு!"

ஏழாவது சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் எடுத்தோம். எட்டாவது முடிந்தது. இன்னும் ஒரு சுற்று. அணிகள் இடம் மாறிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் ஏணி கிறீச்சிட்டது.

மொட்டைமாடியில் நெரெய்தா ஏறி வந்தார். திருப்பி எறியப்பட்ட பழைய கடா சட்டைகளில் ஒன்றை அணிந்திருந்தார். ஒரு நாற்காலியைப் போட்டார். பிறகு கொடியில் ஒரு துணியை விரித்து, இரண்டு பக்கமும் கவ்வி மாட்டினார். சின்ன வெள்ளை உடை. கழுத்தில் சரிகை.

"நா குவரா!" என்று என் பக்கத்தில் ஒருவர் முனகினார். அதிர்ந்துபோனால் எங்கள் ஊர்க்காரர் வாயில் வருகிற வார்த்தை அது. படிகளில் இருந்த எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் மரத்தைத் தட்டின. மழை இறங்குவது மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

கடைசிப் படியில் இருந்த கிரிசாந்தோ குழாயை வாயில் வைத்துக்கொண்டார். அது கையில் ஒட்டிப் பிறந்தது மாதிரி அவருக்கு.

"அம்மா, தயவு செஞ்சு கீழ எறங்குங்கம்மா."

"யாரக் கூப்பிடுற?"

"உங்களத்தான்."

"எனக்குப் பேரு கிடையாதா?"

கிரிசாந்தோ குனிந்து மரப்படியைத் தொட்டார்.

"என் வீடு, என் மாடி, என் நாற்காலி" என்றார் நெரெய்தா. குரலை உயர்த்தவே இல்லை. அந்த அமைதியில் உயர்த்தத் தேவையும் இல்லை. "உன் பையன் நல்லா வீசுறான். வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

"வேண்டாம்!" என்று மைதானமே அலறியது.

"அப்ப ஒண்ணு செய். அன்னைக்கு என் காதுல நீ சொன்னத, அந்தக் குழாய்ல சொல்லு. இல்லேன்னா நானே சொல்றேன். என் வாயால."

"என்னடா சொல்லச் சொல்றா?" என்று கீழ்ப்படியில் ஒருவர் கேட்டார்.

"எதுவா இருந்தா என்ன? சொல்லித் தொலைடா கிரிசாந்தோ! அவ வாயத் தொறந்தா எல்லாம் முடிஞ்சுது!"

கிரிசாந்தோவின் முகத்தை நான் பார்த்தேன். இதை நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நெரெய்தாவிடம் எந்தப் பீடையும் இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அந்தப் பொய்யைச் செய்தவர் அவர். ஆனால் இருபது வருடம் மற்றவர்களோடு சேர்ந்து மரத்தைத் தட்டித் தட்டி, அவரும் அதை நம்பிவிட்டார். தன் வாய் சுத்தம், அவள் வாய்தான் விஷம் என்று அவர் கணக்குப் போட்டார்.

"நான்தான் சொன்னேன்" என்றார் குழாயில். "அன்னைக்கு. அவங்க இல்ல, நான்."

கூட்டம் அசைந்தது.

"என்ன சொன்ன?" என்றார் நெரெய்தா.

"அதத்தான் சொன்னேன்."

"எத?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியணும். வார்த்தைக்கு வார்த்தை சொல்லு. யாரக் கூப்பிட்டுச் சொன்னியோ அதயும் சேத்து."

அவர் தயங்கினார். நெரெய்தா எழுந்தார். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார்.

"வேண்டாம், வேண்டாம்!" கிரிசாந்தோ கண்களை மூடிக்கொண்டு குழாயில் அலறினார். "நெரெய்தா, பாத்தியா? இன்னும் ஒரு ஹிட் கூட இல்ல! ஒரு ஹிட் கூட குடுக்கல! இதத்தான் சொன்னேன்! போதுமா?"

மைதானத்தின் நான்கு மூலைகளிலும் மோதி அது திரும்பி வந்தது. ஒரு ஹிட் கூட இல்ல. பந்து வீசும் மண்மேட்டில் நின்ற யோல்மன் தலையைத் தூக்கித் தன் அப்பாவைப் பார்த்தான். கடலைக் கிழவர் தட்டைக் கீழே போட்டார். கழிப்பறைக்குள்ளிருந்து ஃபுல்ஹென்சியோவின் குரல் மட்டும் கேட்டது:

"எந்த நாய்டா அதச் சொன்னது?"

"போதும்" என்றார் நெரெய்தா. நாற்காலியில் உட்கார்ந்து பாவாடையைச் சரிசெய்துகொண்டார். "ஆட்டத்த நடத்துங்க."

ஒன்பதாவது சுற்றின் முதல் பந்து. எல் கார்தோன்காரன் அதைச் சரியாகக்கூட அடிக்கவில்லை. மட்டையின் நுனியில் பட்டு, எழும்பி, மூன்று ஆட்டக்காரர்கள் ஓடிவந்த இடத்துக்கு நடுவே, ஒருவர் கைக்கும் எட்டாமல் விழுந்தது. ஹிட். அடுத்தவன் அடித்த பந்து நெரெய்தாவின் வீட்டுக்கு மேலே பறந்து தெருவில் போய் விழுந்தது. முன்னவனும் அவனும் சுற்றி ஓடி வந்தார்கள், இரண்டு ஓட்டம். நாங்கள் கடைசியில் மட்டை பிடித்தும் ஒன்றும் எடுக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று. கோப்பை மலையைத் தாண்டிப் போனது.

பையனின் கை நடுங்கியிருக்கும், அவ்வளவுதான் என்று நான் நினைக்கிறேன். அப்பாவே அப்படிக் கத்தினால் யாருக்குத்தான் நடுங்காது? ஆனால் அந்த நேரத்தில் நானும் மரத்தைத் தட்டினேன், பலமாகவே தட்டினேன்.

ஆட்டம் முடிந்தபோது யாரும் மாடியைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிரிசாந்தோவைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு நின்றார்கள், தீயைச் சுற்றி நிற்கிற மாதிரி.

"ரெண்டு தடவ" என்றார் ஒருவர். "ரெண்டு தடவயும் இந்த வாய்தான்."

"பீடையத் தலைவனா வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் தாளம் போட்டிருக்கோமேடா!"

"அந்த அரையிறுதி? மழை வந்து கெட்டதே?"

"முரசடிச்சது யாரு?"

நடந்த தோல்வி எல்லாம் ஒவ்வொன்றாக அவர் தலையில் வந்து உட்கார்ந்தது. குழாயை யாரோ துணியால் பிடித்து வாங்கினார்கள். முரசைத் தொடாமல் காலாலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபுல்ஹென்சியோ கழிப்பறையிலிருந்து விடுதலையாகி வந்து, விஷயம் கேட்டு, நேரே கிரிசாந்தோவுக்கு எதிரில் நின்று, அவர் முகத்துக்கு நேராகவே "கீயோ" என்று தலையைத் தட்டிக்கொண்டார். அதுதான் முதல் தடவை. இப்போது ஊரே செய்கிறது.

அன்று சாயங்காலம் யோல்மன் மூலைவீட்டுக் கதவைத் தட்டினான். விளையாட்டு உடையைக்கூட மாற்றவில்லை. தெருவில் நாங்கள் சிலர் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்கப்பா செஞ்சது தப்பு. சரி. ஆனா என் ஆட்டத்துலயா? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன், நெரெய்தா அம்மா? இது நியாயமா?"

நெரெய்தா கதவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

"என்னத்த?"

"பேர."

அவன் முறைத்தான். கோபத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நெரெய்தா."

"உன் ஞானஸ்நானத்துல எடுத்துக்கிட்டுப் போனாங்க. அதான் உன் ஆட்டத்துல வாங்கிக்கிட்டேன். நியாயம்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கணக்கு சரியாயிடுச்சு, அது தெரியும்."

அவன் போய்விட்டான். மன்னிப்பும் இல்லை, அணைப்பும் இல்லை. அவர் அந்த வெள்ளை உடையைக் கொடியிலிருந்து எடுக்கவும் இல்லை. இன்னும் அங்கேதான் தொங்குகிறது. வலது பக்கம் பறக்கிற ஒவ்வொரு பந்தையும் பார்க்கிற கண்ணில் அதுவும் படும்.

ஒரு மாதம் கழித்து அணி நிர்வாகிகள் ஒரு பழக்கூடையோடு அவரிடம் போனார்கள். புதிய பருவத்துக்கு எல்லோருக்கும் சட்டை தைக்க வேண்டும். "நெரெய்தா அம்மா, பழசெல்லாம் மறந்துடுங்க" என்றார்கள். பெயர் இப்போது எல்லோர் வாயிலும் தாராளமாக வருகிறது.

"மறந்துட்டேன்" என்றார் அவர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து இறக்கி. "வாங்க, வரிசையா நில்லுங்க. அளவெடுத்து வெச்சுக்கறேன். நீளம் மட்டும் போதும். பெட்டிக்குச் சட்டை அளவு வேண்டாம்."

பழக்கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

கிரிசாந்தோவை இப்போது "குழாய்க்காரர்" என்கிறார்கள். அவர் கடையில் ஆணி வாங்குகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். மைகுவாலிதாகூட மற்றவர்கள் முன்னால் அவரை "எங்க வீட்டுக்காரர்" என்றுதான் சொல்கிறார். ஒரே ஓர் ஆள் மட்டும் விலக்கு. தினமும் காலை, அதே தெருவில் இருக்கும் கிரிசாந்தோ கடையின் இரும்புக் கதவு தூக்கப்படும் சத்தம் கேட்டவுடன், நெரெய்தா காப்பிக் கோப்பையோடு மொட்டைமாடிக்கு வருவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வோர் எழுத்தாக உருட்டிக் கூப்பிடுவார்:

"கிரிசாந்தோ யேப்பெஸ்! காலை வணக்கம்! வியாபாரம் அமோகமா நடக்கட்டும்!"

தெருவில் போகிறவர்கள் தலையைத் தட்டிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். கிரிசாந்தோ கடை வாசலில் வந்து நிற்பார். முதல் வாரம் அவர் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது சாத்துவதில்லை. நாள் முழுக்க அவருடைய பெயர் அவர் காதில் விழுவது அந்த ஒரு தடவைதான்.

"வணக்கம், நெரெய்தா" என்று சொல்லிவிட்டு, வராத ஆட்களுக்காகப் பூட்டுகளைத் துடைக்கப் போவார்.